பட்டினித் தண்ணீர்

லேபில் எனக்குத் 'தராசு' என்று பெயர். மரியாதைக்காக வைத்தது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். கைக்கு வரும் எதையும் நான் நிறுக்காமல் விடமாட்டேன், வாய்க்கு வரும் எதையும் நிறுத்துப் பேசமாட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் யாரோ ஒரு புண்ணியவான் வைத்தார்.

உணவுப் பொருள்களைச் சோதிக்கும் சின்ன லேப் எங்களுடையது. துறைமுக அலுவலகத்துக்கு எதிரே, இரண்டாவது மாடி. பத்தொன்பது வருடமாக நான் செய்வது ஒரே வேலைதான். யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் புரதம் எவ்வளவு என்று சொல்லவேண்டும். சாம்பிளைப் பொடியாக்கி, அமிலத்தில் போட்டு நான்கு மணி நேரம் கொதிக்கவைத்து, வரும் ஆவியைப் பிடித்து, கடைசியில் சொட்டுச் சொட்டாக அமிலம் விட வேண்டும். பச்சை நிறம் இளஞ்சிவப்பாக மாறும் இடத்தில் நிறுத்தினால் கணக்கு கையில் வந்துவிடும். அந்த இளஞ்சிவப்புக்கு என் அண்ணன், என் அண்ணி, அடுத்த வீட்டுக்காரி என்ற பாகுபாடெல்லாம் தெரியாது.

என் அண்ணியின் தலையெழுத்து, அவள் கடற்பாசி வளர்க்கிறாள். அதாவது அவள் சாம்பிள் என்னிடம்தான் வரும்.

அண்ணன் படகு மெக்கானிக்காக இருந்தவன். ஒருநாள் எஞ்சினைத் தனியாகத் தூக்கப் போய் முதுகை உடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அண்ணி எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, துறைமுக அலுவலகத்துக்கு அலையாய் அலைந்து, விரிகுடாவில் கயிறு கட்ட ஓர் இடம் வாங்கினாள். மிதவைகளுக்கு நடுவே கயிறு, கயிறு நெடுக முடிந்துவிட்ட சிவப்புப் பாசி. அனுமதிச் சீட்டில் அவள் பெயர். நாற்பத்தாறு வயதில் இந்த உலகத்தில் அவள் பெயருக்கு வந்த முதல் இடம் அது. அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்களைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள்.

பாசியை வாங்க ஒரு கம்பெனி முன்வந்தது. பிரசவமான தாய்மார்களுக்குச் சத்துப் பொடி செய்கிறவர்கள். அவர்கள் நிபந்தனை, காய்ந்த பாசியில் நூற்றுக்குப் பதினாறு பங்கு புரதம் இருக்க வேண்டும். மூன்று சாம்பிள் வரை பார்ப்பார்கள். மூன்றும் தவறினால் வாங்க ஆள் இல்லாத இடம் என்று துறைமுக அலுவலகம் சீட்டைப் பிடுங்கி, வரிசையில் காத்திருக்கும் அடுத்த குழுவுக்குக் கொடுத்துவிடும்.

முதல் நாளே நான் மேலாளரிடம் போய், "சொந்தக்காரங்க சாம்பிள் சார், வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றேன்.

"வேற யாரு இருக்கா? நீங்க என்ன கூட்டியா போட்டுடப் போறீங்க? உங்க அப்பாவே வந்து நின்னாலும் ஒரு சொட்டு கூட்டமாட்டீங்க" என்று சிரித்தார். அப்போது எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

முதல் சாம்பிள் 11.2. இரண்டாவது 10.8.

இரண்டாவது ரிப்போர்ட் போன அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி அடுக்களையில் இருந்தே ஆரம்பித்துவிட்டாள். நான் மாடியில் இருக்கிறேன், சாப்பாடு மட்டும் கீழே. தப்பித்து ஓட வழியில்லை.

"உனக்கு என்மேல என்ன கோபம்? நேரா சொல்லிடு."

"எனக்கு என்ன கோபம்? பாசிதான் பன்னெண்டைக்கூடத் தொடமாட்டேங்குது. நான் என்ன, பக்கத்துல உக்காந்து ஊட்டியா விட முடியும்?"

"நாங்க எவ்வளவு பாத்துப் பாத்துப் பொறுக்கி அனுப்பினோம் தெரியுமா? தளதளன்னு பொன்னு நிறமா இருக்கிறதை மட்டும்தான் அனுப்பினோம். கறுத்துப்போனதை எல்லாம் பிச்சுக் கடல்லயே போட்டுட்டோம்."

எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. "கறுத்ததைப் போட்டுட்டீங்களா?"

"பின்ன, அழுகினதையா அனுப்புவாங்க?"

"அது அழுகல் இல்ல அண்ணி! கறுத்ததுலதான் சத்தே! பொன்னு நிறம்னா அது சோகை பிடிச்சுக் கிடக்குன்னு அர்த்தம்!"

நாற்காலியில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணன், "மாமியார் இல்லாத குறையே தெரியல இந்த வீட்டுல. தங்கச்சியே ரெண்டு ஆள் வேலையும் பாத்துடுறா" என்றான். அவனை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

"எங்க தண்ணியில ஒரு குறை சொல்லு பாப்போம். கண்ணாடி மாதிரி இருக்கு. அடியில கிடக்குற சிப்பியை எண்ணலாம்" என்றாள் அண்ணி.

இந்த இடத்தில்தான் நான் நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். பாசிக்கு மண்ணில் வேர் இல்லை, தண்ணீரில் கரைந்திருப்பதுதான் அதற்குச் சாப்பாடு என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் தெளிவாக இருந்து வெயிலும் சுளீரென்று அடித்தால், அது வெயிலை வைத்துக்கொண்டு மாவும் பசையுமாக ஊதிப்போகும், புரதம் கட்டுவதற்கான நைட்ரஜன் கிடைக்காமல் நிறம் வெளுக்கும். கயிற்றை இரண்டு ஆள் ஆழம் இறக்கினால் வெயில் குறையும், குளிர்ந்த அடித்தண்ணீரில் கொஞ்சம் தீனியும் கிடைக்கும். எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

"கண்ணாடி மாதிரி இருக்குன்னா என்ன அர்த்தம்? அதுல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்! அது பட்டினித் தண்ணி! அதுல எது வளரும்? போய் அந்தச் சாக்கடை ஓரம் பாருங்க, பாசி எப்படிக் கொழுத்துக் கிடக்குன்னு!"

சொல்லிவிட்டு மாடிப்படியில் தடதடவென்று ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு.

ஒன்பது வாரம் கழித்து மூன்றாவது சாம்பிள் வந்தது. பையைப் பிரித்தபோதே கை நின்றுவிட்டது. காப்பிக்கொட்டையின் கறுப்பு. பொடி செய்து, கொதிக்கவைத்து, சொட்டு விட ஆரம்பித்தேன். வழக்கமாக நிறம் மாறும் இடம் வந்தது, மாறவில்லை. இன்னும் விட்டேன். மாறவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு குழாய்க்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்றைக்குத்தான். 19.1. நம்பாமல் மறுநாள் காலை மறுபடியும் முதலில் இருந்து செய்தேன். 19.0.

ரிப்போர்ட் போகும் முன்னால் வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. நானும் விதிப்படி நடப்பவள்தான். ஆனாலும் அன்று மத்தியானம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனேன். அண்ணி கடலில் இருந்தாள். அண்ணன் மட்டும் இருந்தான்.

"அண்ணிகிட்ட சொல்லாதே. பத்தொன்பது வந்திருக்கு!"

அவன் முதுகுவலியை மறந்து எழுந்துவிட்டான். "பாத்தியா! அன்னைக்கு நீ கத்தினதுக்கு மறுநாளே ஒன்பது பேரும் கயிறை மாத்திட்டாங்க."

"எவ்வளவு ஆழத்துக்கு இறக்கினாங்க?"

"ஆழமா? அதெல்லாம் இல்ல. சாக்கடை வாய்க்குப் பக்கத்துல கொண்டுபோய்க் கட்டினாங்க. நீதானே அங்க கட்டச் சொன்னே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல் பரவாயில்லை, தான் மட்டும்தான் கெட்டது.

சாப்பிடாமல் நேராகக் கரைக்குப் போனேன். ஊர்ச் சாக்கடை கடலில் விழும் இடத்துக்கு ஒட்டினாற்போல் படகுப் பட்டறை இருக்கிறது. இரண்டு பேர் ஒரு பழைய படகைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பாகத்துப் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தூள் காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. சுற்றிலும் பழைய பேட்டரிகள். அங்கிருந்து கல்லெறியும் தூரத்தில் அண்ணியின் மிதவைகள். பாசி நல்லது கெட்டது பார்த்துச் சாப்பிடாது. சாக்கடையில் வரும் நைட்ரஜனைக் குடிக்கிற அதே வாயால் பக்கத்தில் பெயின்டிலும் பேட்டரியிலும் இருந்து கரைந்துவரும் உலோகத்தையும் குடித்து, உடம்பிலேயே வைத்துக்கொள்ளும்.

லேபில் உலோகம் பார்க்கும் இயந்திரம் தனி அறையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்பவர் அதிகம் பேசாதவர். மிச்சமிருந்த பொடியைக் கொடுத்து, "எனக்காக ஒரு தடவை பாருங்க, எழுத வேண்டாம்" என்றேன். மறுநாள் ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார். ஈயம், அனுமதித்த எல்லையைப் போல இரண்டரை மடங்கு.

"நீங்க கேக்கல, நான் பாக்கல" என்றார்.

என் முன்னால் படிவம் இருந்தது. அதில் மூன்று கட்டங்கள்தான். ஈரம், சாம்பல், புரதம். உலோகச் சோதனை வருடத்துக்கு ஒருமுறைதான். அது முன்பே, பழைய இடத்துப் பாசியில் பார்த்துப் பாஸ் ஆகிவிட்டது. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? இரண்டு தடவை அவளைத் தோற்கடித்த கைதானே இது, ஒரு தடவை சும்மா இருந்தால் என்ன? அடுத்த அறுவடைக்குள் கயிற்றை இடம் மாற்றச் சொல்லிவிடலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது. மில்லிகிராமை மறைக்கப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லாமல் இருந்தால் போதும்.

19.1 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை தபாலில் போகும்.

சாயங்காலம் வீடு கலகலவென்று இருந்தது. அண்ணன் வாயில் எது தங்கியிருக்கிறது? ஒன்பது பெண்களும் அடுக்களையில் நின்றும் உட்கார்ந்தும் ஒரே பேச்சு. என்னைப் பார்த்ததும் அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"இதோ வந்துட்டா! இவ மட்டும் அன்னைக்குக் கத்தலைன்னா நாம இன்னும் வெளுத்ததைத்தான் பொறுக்கிக்கிட்டு இருப்போம். என் நாத்தனா சொன்ன இடம்டி அது! இனிமே இவளை யாராவது வாயாடின்னு சொன்னீங்க, நடக்குறதே வேற!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். தலைவலி என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். பாதிப் படியில் பின்னால் காலடி கேட்டது.

"என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லைன்னா நீ இந்நேரம் இத்தனை பேர் சத்தம் போடுறதுக்கு ஒரு பாட்டம் திட்டியிருப்பே. நீ சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்கு. சொல்லு."

சொன்னேன். படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறை, பெயின்ட், துண்டுச் சீட்டு, இரண்டரை மடங்கு, கையெழுத்து.

"சாப்பிட்டா என்ன ஆகும்?"

"ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. அவங்க தினமும் சாப்பிடுவாங்க. பால் வழியா புள்ளைக்குப் போகும். மூளை வளர்ற வயசு."

அவள் கை இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு அறுத்த கோடுகள் நிறைந்த கை.

"தெரிஞ்ச பிறகா கையெழுத்துப் போட்டே?"

"உங்களுக்காகத்தான் அண்ணி."

"எனக்காகன்னு சொல்லாதே. நான் கேட்டேனா?" குரல் உயரவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "நீ ரெண்டு தடவை தவறுதுன்னு எழுதினப்போ உன்னைத் திட்டினேன், சரிதான். ஆனா எழுதினது நிஜம்னு எனக்குத் தெரியும். அதான் இன்னைக்குப் பாஸுன்னதும் எட்டுப் பேரையும் கூப்பிட்டு வச்சுக் கூத்தடிச்சேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன். அவள் எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் கீழே சிரிப்புச் சத்தம் நின்றது. பிறகு அண்ணன் குரல் மட்டும் கேட்டது.

"ஈயமா? ரெண்டு வாரமா என் சூப்புலயும் அதைத்தானே போட்டே? சரி, இனிமே நான் தண்ணியில விழுந்தா தேட வேண்டாம், நேரா அடியிலதான் இருப்பேன்."

அவனைக்கூட ஒருவரும் அதட்டவில்லை. அடுத்த வாரம் நானே அவனை இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார்கள்.

மறுநாள் காலை லேப் திறந்ததும் ஒன்பது பேரும் வந்து நின்றார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேலாளர் எழுந்து வந்து, "வாங்கம்மா, நல்ல சேதிதான்" என்றார்.

"எங்க சாம்பிளைத் திருப்பி எடுத்துக்கிறோம் சார்" என்றாள் அண்ணி.

"பாஸாயிருக்கேம்மா!"

"தெரியும்."

"நீங்களா எடுத்துக்கிட்டா மூணாவதும் தவறினதாத்தான் எடுத்துப்பாங்க. இடம் போயிடும்."

"அதுவும் தெரியும்." கையில் அந்தப் பிளாஸ்டிக் உறை இருந்தது. ஆணியில் இருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். "கயிறைச் சாக்கடைப் பக்கம் கட்டிட்டோம். படகுப் பட்டறைத் தண்ணி. அதைப் புள்ள பெத்தவங்களுக்குக் கொடுக்கக்கூடாது."

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. எங்களுக்கே தோணுச்சு. தப்பு எங்களோடது."

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பின்னால் நின்ற எட்டுப் பேரும் திரும்பவில்லை. ஒருத்தி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவர்களுக்கு எல்லாம் தெரியும். வரும் வழியில் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கை ஈரத்தோடு வெளியே வந்தேன்.

"அவங்க பொய் சொல்றாங்க சார். நான்தான் சொன்னேன். ஈயம் இருக்கு, நேத்தே பாத்தாச்சு. பாத்த பிறகுதான் பத்தொன்பதுன்னு கையெழுத்துப் போட்டேன்."

"உன்னை யாரு பேசச் சொன்னது?" என்று அண்ணி சீறினாள்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீங்களா?" என்றார். அவ்வளவுதான்.

பிறகு விதிப் புத்தகத்தை எடுத்தார். தெரிந்தே மறைத்துக் கொடுத்த ரிப்போர்ட் செல்லாது. அது லேபின் குற்றம். லேபின் குற்றத்தால் ரத்தான சாம்பிள் குழுவின் எண்ணிக்கையில் சேராது, எட்டு வாரம் கழித்துப் புதிய சாம்பிள் கொடுக்கலாம், உலோகமும் சேர்த்துப் பார்க்கப்படும், வெளியூர் லேப் பார்க்கும். எனக்கு ஆறு மாதம் வேலை கிடையாது. அதற்குப் பிறகும் கையெழுத்து உரிமை கிடையாது. அந்த விதி எனக்கு முன்பே நினைவில் இருந்தது, திட்டம் போட்டுத்தான் வெளியே வந்தேன் என்று அண்ணன் இன்றுவரை சொல்கிறான். சத்தியமாக இல்லை. ஒன்பது பேர் எனக்காகப் பொய் சொல்வதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தெரு முழுக்க அண்ணி என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

"அறிவு இருக்கா உனக்கு? நாங்க இடத்தை விட்டுட்டா வேற வேலை பாத்துப்போம். பத்தொன்பது வருஷ வேலையை இப்படிப் போட்டு உடைக்கணுமா? படிச்ச கழுதை!"

"நீங்க மட்டும் அந்தச் சீட்டைக் கழட்டிட்டு வந்தீங்களே, அது என்னவாம்?"

"வாயை மூடுடி!"

மூடிக்கொண்டேன்.

அடுத்த நாளே கயிறுகளை இழுத்தார்கள். வேலை இல்லாதவள் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று நானும் படகில் ஏறினேன். சாக்கடை ஓரத்துப் பாசி ஒவ்வொரு கயிறாக மேலே வந்தது. கறுகறுவென்று, கைக்கு அடங்காமல், தண்ணீர் சொட்டச் சொட்ட. உரத்துக்குக்கூட ஆகாது, எல்லாம் குப்பைக் கிடங்குக்கு. மூட்டை கட்டும்போது அண்ணி ஒரு கொத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா வளந்திருக்கு பாரு" என்றாள். "பசியோட கிடந்துச்சு, கிடைச்சதைத் தின்னுச்சு. அதுமேல என்ன தப்பு?"

கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கொத்தை மூட்டைக்குள் அமுக்கினாள்.

கயிறுகளை அள்ளிக்கொண்டு படகு பழைய இடத்துக்கு, அந்தத் தெளிந்த தண்ணீருக்குத் திரும்பியது. இந்தத் தடவை மிதவைக்கு அடியில் கல் கட்டி, இரண்டு ஆள் ஆழத்துக்கு இறக்கப் போகிறோம். வெளியே வாங்கிய நல்ல விதைப்பாசித் துண்டுகளைக் கயிறு நெடுகப் புதிதாக முடிந்திருந்தார்கள்.

"எட்டு வாரத்துல பதினாறு வந்துடுமா?" என்றாள் ஒருத்தி. ஒன்பது முகமும் என்னைப் பார்த்தன.

வந்துவிடும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆழத்தில் நிறம் ஏறும், அது நிச்சயம். மழை சரியான சமயத்தில் பெய்து ஓடைத் தண்ணீர் சத்தோடு கடலில் கலந்தால் பதினான்கோ பதினைந்தோ தொடும். அதற்கு மேல் கடலின் இஷ்டம்.

"தெரியல" என்றேன். "வரலாம். வராமலும் போகலாம்."

அண்ணி குனிந்து கல் கட்டிய கயிற்றின் ஒரு முனையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

"சரி, பிடி" என்றாள். "கனமா இருக்கும். விட்டுடாதே."